பஜ்ஜிக் கடை எண்ணெயில் ஒரு லிட்டர் பயோடீசல்

பெங்களூரு அல்சூர் பக்கம் பஜ்ஜி போடும் அண்ணன்களிடம் கேட்டால் பழைய எண்ணெய் கிடைக்கும். போலார் காம்பவுண்டுகள் (பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பது 2018 முதல் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி. அந்த எண்ணெயைத்தான் இங்கே மெத்தனாலோடு வினைபுரிய வைத்து, பயோடீசல் என்ற எரிபொருளாக்கப் போகிறோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மெத்தனால் குடித்தால் மட்டுமல்ல, ஆவியாலும் தோல் வழியாகவும் பாதிக்கும், கண்ணே போகலாம். எரியும்போது சுடர் வெளிச்சத்தில் தெரியாது. வாங்குவதற்கும் கட்டுப்பாடு உண்டு, அதனால் கல்லூரி ஆய்வகத்தில் வேதியியல் ஆசிரியர் துணையோடு செய்யுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். பக்கத்தில் அடுப்பு கூடாது.

1. ஒரு லிட்டர் எண்ணெயை வடிகட்டி, தனியாக 110 டிகிரி வரை சுடவைத்து ஈரத்தைப் போக்குங்கள். சடசட சத்தம் நின்றால் போதும்.

2. டைட்ரேஷன், அதாவது எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று சொட்டுச் சொட்டாக அளப்பது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் கூடியிருக்கும். நாம் போடும் வினையூக்கியை (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) அது முதலில் தின்றுவிடும். கூடுதலாக எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்காமல் ஆரம்பித்தால் பாதி எண்ணெய் மாறாமல் நிற்கும். குத்துமதிப்பாக அள்ளிப் போட்டாலோ சோப்புதான்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 1 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இரண்டு சொட்டு பினாப்தலீன் (நிறங்காட்டி) விட்டு, அந்தக் கரைசலால் லேசான இளஞ்சிவப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆல்கஹாலிலேயே அமிலம் இருக்கலாம் என்பதால்தான் இது. பிறகு 1 மில்லி எண்ணெய் விட்டு, மறுபடி அதே கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்துங்கள். டிராப்பரை நம்பாதீர்கள்; மெடிக்கல் ஷாப் சிரிஞ்சுதான் சரி.

எண்ணெய் விட்ட பிறகு 2.5 மில்லி செலவானதாக வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு ஒரு கிராம் என்ற கணக்கில், லிட்டர் எண்ணெய்க்கு 2.5 கிராம் கூடுதலாக வேண்டும். 85 சதவீதத் தூய்மையுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், புது எண்ணெய்க்கே வேண்டிய அடிப்படை அளவு 5.8 கிராம். ஆக லிட்டருக்கு 8.3 கிராம். காஸ்டிக் சோடாவும் ஆகும், ஆனால் மெத்தனாலில் கரைய அடம்பிடிக்கும், கிளிசரினும் இறுகிப்போகும். என் ஓட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கே.

3. 200 மில்லி மெத்தனாலில் அந்த அளவு பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து (சூடாகும், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது), வெந்நீர்த் தொட்டியில் 55 டிகிரியில் வைத்த எண்ணெயில் ஊற்றி ஒரு மணி நேரம் கலக்குங்கள். மெத்தனால் 65 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், கவனம். மிக்சி வேண்டாம், மோட்டார் பொறி ஒன்றே போதும்.

4. ராத்திரி முழுக்க விடுங்கள். அடியில் கறுப்பாகக் கிளிசரின் இறங்கும். மேலே நிற்பதில் 3 மில்லி எடுத்து 27 மில்லி மெத்தனாலில் கலக்குங்கள். அடியில் எண்ணெய் தேங்கினால் வினை முடியவில்லை.

5. மேலே நிற்பதை மட்டும் பிரித்தெடுத்துத் தண்ணீரால் கழுவுங்கள், முதல் தடவை குலுக்காமல். பிறகு உலர்த்துங்கள்.

வண்டியில் ஊற்றலாமா? வேண்டாம். ஐஎஸ் 15607 என்ற, பயோடீசலுக்கான இந்தியத் தரத்துக்கு நிற்கிறதா என்று இந்தச் சோதனைகள் சொல்லாது.

பின்சேர்க்கை: டிசம்பர் காலையில் பாட்டில் அடியில் வெள்ளையாக உறைகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கடைக்காரர் பாமாயில் ஊற்றியிருப்பார். வெயிலில் வைத்தால் இளகும். நல்ல வெயிலிலும் மொத்தமாக மங்கலாகவே இருந்தால் அது தண்ணீர். மறுபடி உலர்த்துங்கள்.