ஆபாசப் படப் பழக்கமும் விறைப்புச் சிக்கலும்: எங்கிருந்து சரிசெய்வது?

தனியாகப் படம் பார்க்கும்போது விறைப்பு வருகிறது, துணையுடன் இருக்கும்போது மட்டும் தளர்ந்துபோகிறது என்றால் முதலில் பயத்தை விடுங்கள், பல ஆண்களுக்கு வருவதுதான், ஆண்மை போய்விட்டது என்று அர்த்தமில்லை.

காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா என்று சில நாள் கவனியுங்கள். இருந்தால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, சிக்கல் மனப் பதற்றத்திலோ பழக்கத்திலோ இருக்கலாம். எப்போதுமே இல்லையென்றால் படத்தின் மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்; சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பரிசோதியுங்கள், ஏனென்றால் விறைப்புக் குறைபாடு சிலருக்கு இதய நோயின் முன்னறிகுறி.

அப்புறம், ஆபாசப் படம் பார்ப்பதைச் சில வாரங்கள் நிறுத்திப் பாருங்கள். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். சுய இன்பம் தவறில்லை, ஆனால் இறுக்கிப் பிடித்து வேகமாக முடிக்கும் பழக்கத்தை மாற்றுங்கள், அந்த அழுத்தம் உடலுறவில் கிடைக்காது. துணையிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

நிறுத்த முயன்றும் முடியாமல் வேலையும் உறவும் கெடுகிறதா? கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் ஒரு கோளாறாகவே சேர்த்திருக்கிறது, கூச்சப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வயாக்ரா வகை மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்: நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.