லண்டன் இசைக் கல்லூரிக் கச்சேரிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் மேற்கத்திய செவ்விசை கேட்க நிறையக் காசு வேண்டும் என்று ஒதுங்கிவிடுவதுதான் முதல் தவறு. 1822இல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், ஆல்பர்ட் ஹாலுக்குப் பின்புறம் இருக்கும் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், பார்பிக்கன் பக்கம் கில்ட்ஹால் ஸ்கூல் என்று எங்கே போனாலும் இலவசக் கச்சேரிகள் உண்டு, குறிப்பாக மதிய நேரத்தில். மாணவர்கள்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். மேடையேறுகிறவர்களில் பலர் முதுகலை மாணவர்கள், தொழில்முறை ஆர்கெஸ்ட்ராவின் வாசலில் நிற்பவர்கள்.

இலவசம்தானே என்று நேரே போய் நிற்காதீர்கள். பலவற்றுக்கு முன்பதிவு வேண்டும். பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பது அதைவிட மோசம். வாசிக்கிற பிள்ளைகள் காலி நாற்காலிகளைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகஸ்ட் விடுமுறையில் தேடினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. அப்புறம், ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று போட்டிருந்தால் அது கச்சேரி அல்ல. ஆசிரியர் நிறுத்தி நிறுத்தித் திருத்துவார், அதே நாலு வரி திரும்பத் திரும்ப ஓடும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். சின்னக் குழந்தைகளை மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது கைதட்டலில். ஒன்றிரண்டு வாத்தியங்களுக்கான சொனாட்டாவிலோ முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான சிம்பொனியிலோ பெரும்பாலும் மூன்று, நான்கு பகுதிகள் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகுதான் தட்டுவது வழக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி (1893) இதற்கென்றே வைத்த பொறி. மூன்றாம் பகுதி அணிவகுப்பு போல ஏறி, தடதடவென்று முடியும். கை தானாக எழும். ஆனால் அதன்பின் அழுகை போன்ற நான்காம் பகுதி பாக்கி இருக்கிறது, அது அடங்கி அடங்கித்தான் முடியும். நிகழ்ச்சித் தாளில் அலெக்ரோ (வேகம்), அடாஜியோ (மெதுவாக) என்று ஒவ்வொரு பகுதிக்கும் வரிசையாகப் போட்டிருப்பதை எண்ணிக்கொள்ளுங்கள். குழப்பமா? ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் கையை இறக்கி நம் பக்கம் திரும்பும்வரை பொறுங்கள். தொடையில் தாளம், நடுவில் ‘பலே’ இரண்டும் வேண்டாம்; பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போகும் சபா பழக்கமும் இங்கே செல்லாது. தாமதமாக வந்தால் ஒரு உருப்படி முடியும்வரை வெளியே நிற்க வைப்பார்கள். சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து ராயல் காலேஜுக்குப் பத்து நிமிடத்துக்குக் குறையாத நடை, அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.