நயினாதீவுக்குப் போற ஆக்கள் ஊர்காவற்றுறையையும் ஒருக்கா பாத்திட்டு வாங்கோ

வெளிநாட்டில இருந்து யாழ்ப்பாணம் போற எங்கட ஆக்கள் கனபேர் பண்ணைப் பாலத்தால ஏறி வேலணை, புங்குடுதீவு எண்டு நேர குறிகட்டுவானுக்குப் போய், லோஞ்ச் ஏறி நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுட்டு அதே வழியால திரும்பி வந்திடுவினம். வேலணைத் தீவிலயே இருக்கிற ஊர்காவற்றுறைப் பக்கம் வண்டியைத் திருப்புறது குறைவு, எனக்கு அது பெரிய கவலை, ஏனெண்டா அந்தக் கோயில்லயே ஊர்காவற்றுறையின்ர கதை கல்லில எழுதிக் கிடக்கு.

12ஆம் நூற்றாண்டில பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு ராசா வெட்டுவிச்ச தமிழ்க் கல்வெட்டு அது. அதில ஊர்காவற்றுறைக்குப் பேர் ஊராத்துறை. பரதேசிகள், அதாவது பிறதேசத்து ஆக்கள், அங்கதான் வந்து இறங்கவேணும், யானை குதிரை ஏத்தி வாற மரக்கலம் உடைஞ்சா நாலில ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு, வேற சரக்கெண்டா பாதிக்குப் பாதி எண்டு சட்டம் போட்டிருக்கு. கோயில்ல ஆரையும் கேட்டா காட்டுவினம், முதல் அதைப் பாத்திட்டு பிறகு ஊர்காவற்றுறைக்குப் போங்கோ, அப்பதான் விளங்கும்.

வன்னியில பிடிச்ச யானையள் ஆனையிறவால நடந்து வந்து கப்பலேறின துறை இதுதான். போர்த்துக்கீசர் யானைத் துறை எண்டே பேர் வைச்சவங்கள், அதில துறைக்கு அவங்கட மொழியில இருந்த சொல்லுத்தான் பிறகு ஊர்காவற்றுறைக்கு இங்கிலீசில கைட்ஸ் எண்ட பேர் ஆச்சு. 1619இல யாழ்ப்பாண ராச்சியத்தைப் பிடிச்சவங்கள், இந்தக் கடல்வாசலைக் காக்கப் படை வேணும் எண்டு கட்டினதுதான் கரையில ஒரு கோட்டை, நடுக்கடல்ல ஒரு கோட்டை. கரையில இருக்கிறது ஊருண்டிக் கோட்டை, இப்ப இடிஞ்ச முருகைக்கல் சுவரும் பத்தையும்தான். செருப்போட போகாதேங்கோ, முள்ளுக் குத்தும், சப்பாத்துப் போடுங்கோ. சுவரில ஏறவேண்டாம், கல்லு கழண்டு கிடக்கு. ஞாபகத்துக்கு எண்டு ஒரு துண்டுக் கல்லும் எடுக்காதேங்கோ, தொல்பொருள் சட்டப்படி குற்றம்.

கடல் நடுவில எட்டு மூலையா நிக்கிறது கடற்கோட்டை. 1658இல ஒல்லாந்தர் வந்து வளைச்சு அடிக்க உள்ள இருந்த போர்த்துக்கீசப் படைக்குக் குடிக்கத் தண்ணி இல்லாமல் போச்சு, அதோட சரணடைஞ்சிட்டாங்கள். சுத்திவரக் கடல், ஆனா தண்ணி இல்லை, அந்த இடத்தில நிண்டு யோசிச்சா நெஞ்சுக்க ஏதோ செய்யும். ஒல்லாந்தர் அதுக்கு வைச்ச பேர் ஹமன்ஹீல், பன்றித் தொடையின்ர குதிக்கால் எண்டு அர்த்தம், இலங்கை வரைபடம் அவங்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிஞ்சிருக்கு. வேலணைத் தீவுக்கு லைடன், காரைதீவுக்கு, அதாவது இப்பத்தைய காரைநகருக்கு, அம்ஸ்ரடாம் எண்டு தங்கட ஊர்ப் பேரையும் வைச்சவங்கள், நெதர்லாந்தில இருந்து போற ஆக்கள் பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ. பிறகு பிரித்தானியர் காலம், சிறை எண்டு போய், 1971இல அரசுக்கு எதிரா நடந்த கிளர்ச்சியில பிடிபட்ட ஜேவிபி (மக்கள் விடுதலை முன்னணி) ஆக்களையும் அங்க வைச்சிருந்தவை.

இப்ப அது கடற்படையின்ர கையில. காரைநகர்ப் பக்கம் அவையள் நடத்துற ஹோட்டல்ல இருந்துதான் போட்டில கூட்டிக்கொண்டு போவினம், ஊர்காவற்றுறைக் கரையால போகேலாது. முதல்நாளே போன் பண்ணிக் கேளுங்கோ, பாஸ்போர்ட்டைக் கையில வைச்சிருங்கோ. ட்ரோன் கொண்டுபோற பிள்ளையள் இருந்தா அனுமதி எடுக்காமல் பறக்கவிட விடாதேங்கோ. 90களில இந்தத் தீவுகளை விட்டு வெளிக்கிட்ட அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனா சீருடையைக் கண்டதும் பேச்சு நிண்டுபோகும், அவசரப்படுத்தாதேங்கோ, தாங்களாக் கதைக்கும்வரைக்கும் பக்கத்தில இருங்கோ.

திரும்பிப் பண்ணையால வரவேண்டாம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில ஓடுற மிதவையை ஊராக்கள் பாதை எண்டுதான் சொல்லுவினம், சிலவேளை பழுதாகி நிக்கும், அதால ஓடுதோ எண்டு காலமையே விசாரிச்சு வையுங்கோ. அதில ஏறினா காரைநகர், வட்டுக்கோட்டை எண்டு யாழ்ப்பாணம் வந்திடலாம். வெய்யில் தாழுற நேரம் பாதையில நிண்டு பாத்தா ஒரு பக்கம் ஊர்காவற்றுறைக் கரை, மற்றப் பக்கம் கடற்கோட்டை. படம் எடுங்கோ, ஆனா நேவியின்ர இறங்குதுறைப் பக்கம் கமராவைத் திருப்பாதேங்கோ.