பெயரை மறைத்தாலும் உங்கள் எழுத்து என்று தெரிய வேண்டும்: பயணப் பதிவு எழுதத் தொடங்குவோருக்கு

பயணப் பதிவு எழுதத் தொடங்குபவர்கள் எந்த கேமரா வாங்கலாம், எந்தத் தளத்தில் பிளாக் தொடங்கலாம், வாரத்துக்கு எத்தனை பதிவு போடலாம் என்றெல்லாம் கேட்பார்கள். எழுதும் நடையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களிலும் பலர் அதை அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். நாலு உவமை, பத்து அழகான சொல் சேர்த்தால் நடை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

என் கட்சி வேறு. எதைக் கவனிக்கிறீர்கள், எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறீர்கள் என்பதில்தான் நடையின் பெரும்பகுதி இருக்கிறது. சொல்லெல்லாம் அதற்குப் பின்னால் வருவது. அதனால் இந்தச் செய்முறையை வெட்டுவதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஏற்கெனவே எழுதிய பயணப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், கடைசியாகப் போன இடத்தைப் பற்றி ஒரு பக்கம் கிறுக்கிக்கொண்டு வாருங்கள். சுமாராக இருந்தால் போதும், வெட்டத்தானே போகிறோம்.

படி 1: போகாதவரும் எழுதக்கூடிய வரிகளை அடியுங்கள்

பதிவை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: அந்த இடத்துக்குப் போகாத ஒருவர், வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் தேடி இந்த வரியை எழுத முடியுமா? முடியும் என்றால் அடித்துவிடுங்கள்.

ஓர் உதாரணம்:

“கம்போடியாவில் உள்ள அங்கோர் வாட் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் காலத்தில் எழுப்பப்பட்டது. இங்கே சூரிய உதயம் கண்கொள்ளாக் காட்சி. குளத்தில் கோபுரங்கள் பிரதிபலிக்கும் அழகை வார்த்தைகளால் விவரிக்க முடியாது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம்.”

தகவலில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாலு வரியையும் போகாமலே எழுதிவிடலாம். அடித்தால் பக்கம் காலி.

இப்போது அதே விடியலில், அதே குளக்கரையில் மூன்று பேர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர் இப்படி எழுதுகிறார்:

“கோபுரங்கள் கடைசிவரை கறுப்பாகவே இருந்தன. கோயில் மேற்குப் பார்த்தது, சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் எழுகிறது. முகத்தில் வெயில் விழ மத்தியானம் தாண்ட வேண்டும். காலையில் எடுத்ததில் பாதியை அழித்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடி போனேன்.”

இரண்டாமவர்:

“எனக்கு முன்னால் நின்றவர் இருட்டிலேயே ட்ரைபாடை விரித்து இடம் பிடித்திருந்தார். பின்னால் வந்த ஓர் அம்மா, கேட்காமல் கொள்ளாமல் தன் மகனை அந்த ட்ரைபாடின் கால்களுக்கு நடுவே உட்கார வைத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. வெளிச்சம் வந்ததும் ட்ரைபாட்காரர் குனிந்து பையனுக்குத் திரையைக் காட்டினார்.”

மூன்றாமவர்:

“விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அன்று நானே அப்படி ஓர் ஆள். எல்லோரும் குளத்தைப் பார்த்து வாயைத் திறந்தபோது நான் கொட்டாவிக்காகத் திறந்தேன். கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன். பாற்கடல் கடையும் சிற்பச் சுவருக்கு முன்னால் நானும் ஒரு காவலாளியும் மட்டும்.”

மூன்றிலும் அரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதியது என்று சொல்ல முடியாது. முதலாமவருக்கு வெளிச்சம் முக்கியம், அடுத்தவருக்கு மனிதர்கள், மூன்றாமவருக்குத் தன் சோம்பலே ஒரு வசதி. கோயிலின் திசை, சிற்பச் சுவர் போன்ற தகவல்கள்கூட ஆளின் வழியாகத்தான் வருகின்றன. இப்படிப்பட்ட வரி உங்கள் பதிவில் ஒன்றிரண்டு தேறினாலே போதும். அதை வைத்து மேலே போகலாம்.

படி 2: உங்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள்

போனில் பழைய பயணப் படங்களைத் திறங்கள். நீங்கள் போஸ் கொடுத்தவை, எல்லோரும் எடுக்கும் பிரபலமான கோணங்கள் இரண்டையும் தள்ளிவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றை எதற்காக எடுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. பூட்டிய கதவுகள், தப்பும் தவறுமான அறிவிப்புப் பலகைகள், தூங்கும் நாய்கள், ரயில் ஜன்னல் வழியே மின்கம்பிகள். ஒரே விஷயம் நாலைந்து ஊர்ப் படங்களில் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உங்கள் கண் போகும் இடம் அது.

வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று பலர் இதை ஒளித்துவிட்டு, வழக்கமான அருவி வர்ணனைக்குப் போய்விடுவார்கள். போக வேண்டாம். கட்டடங்களின் வடிகால் அமைப்பில் ஆர்வம் உள்ள ஒருவர் எழுதும் கோட்டைப் பதிவைப் படிக்க எனக்கு ஆசை. அதை வேறு யாரும் எழுத மாட்டார்களே.

படி 3: படத்தில் விழாததைக் குறித்துக்கொள்ளுங்கள்

தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டாம். போன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அவை பதிவாகின்றன, அனுமதி கொடுத்திருந்தால் இடமும்தான். குறிப்பேட்டில் படத்தில் விழாததற்கு இடம் கொடுங்கள். வாசனை, சத்தம், கைப்பிடிச் சுவர் சுட்டதா குளிர்ந்ததா, வரிசையில் நின்றபோது என்ன நினைப்பு ஓடியது, எப்போது சலித்தது.

முக்கியமாக, யாராவது ஏதாவது சொன்னால் அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், உடனே. அறைக்குத் திரும்பி இரவில் எழுதினால் அவர் பேச்சு போய் உங்கள் பேச்சு வந்துவிடும். “வழிகாட்டி கோட்டையின் வரலாற்றைச் சுவைபட விளக்கினார்” என்பதால் யாருக்கும் லாபமில்லை. “ராஜா இந்தப் படிக்கட்டில் ஏறவே இல்லை சார், அவருக்கு முட்டி வலி” என்று அவர் சொன்னதைப் போட்டால் வழிகாட்டியும் வந்துவிட்டார், கோட்டையும் வந்துவிட்டது. அது வரலாறுதானா என்று தனியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பொய் என்றால் அதையும் எழுதலாம்.

படி 4: முதல் டிராஃப்டைப் பேசுங்கள்

வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் பலருக்குப் பள்ளிக் கட்டுரை ஞாபகம் வந்துவிடுகிறது. உடனே “இயற்கை அன்னையின் மடியில்” என்று விரல்கள் தாமாக ஓடும். இதைத் தாண்ட நான் அறிந்த சுலபமான வழி பேசுவதுதான்.

தெரிந்த ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “நண்பர்களே”, “மக்களே” என்று பொதுக்கூட்டத்தைக் கூப்பிட வேண்டாம், ஒரே ஆள் போதும். அந்த ஆள் யார் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். அடுத்த மாதம் அங்கே போகப்போகும் தோழியிடம் சொல்வது வேறு, பயணமே பிடிக்காத அண்ணனிடம் சொல்வது வேறு. படங்களைப் பார்க்காமல் மூன்று நிமிடம் அவருக்கு ஒரு வாய்ஸ் நோட் பேசுங்கள். அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. பல போன்களில் கீபோர்டில் உள்ள மைக் பொத்தானை அழுத்திப் பேசினால் தமிழிலேயே எழுத்தாகவும் வந்துவிடும். நிறுத்தற்குறிகள் ஒழுங்காக விழாது, அது நல்லதுதான். எங்கே மூச்சு விட்டீர்கள் என்று பார்த்து நீங்களே முற்றுப்புள்ளி வைப்பீர்கள்.

எதை முதலில் சொன்னீர்கள் என்று பாருங்கள். விமானம் ஏறியதை யாரும் முதலில் சொல்வதில்லை. “அய்யோ, அந்தப் படகுக்காரர் பண்ணிய வேலை இருக்கே...” என்று ஆரம்பித்திருந்தால் பதிவும் படகுக்காரரிடமே ஆரம்பிக்கட்டும்.

படி 5: வாக்கியங்களைத் திருத்துங்கள்

இங்கே கொஞ்சம் இலக்கணம், பயப்பட வேண்டாம்.

“காலையில் எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பஸ் ஏறி, இறங்கி, டிக்கெட் எடுத்து, உள்ளே போய்ப் பார்த்தோம்.” தமிழில் இப்படி எவ்வளவு நீளமாகவும் கோத்துக்கொண்டே போகலாம். எல்லாச் செயலுக்கும் ஒரே எடை விழுவதுதான் சிக்கல். எது முக்கியமோ அந்த இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். “பஸ்ஸிலிருந்து இறங்கினோம். வாசலில் பூட்டு.” குளித்ததும் சாப்பிட்டதும் தேவையே இல்லை என்று அப்போதுதான் தெரியும்.

அடுத்து “நான்”. “நான் போனேன், நான் பார்த்தேன், நான் வியந்தேன்.” போனேன் என்றாலே போனது யார் என்று தெரிந்துவிடுகிறது. மற்றவர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் “நான்” வரட்டும். “எல்லோரும் மேலே ஏறினார்கள். நான் ஏறவில்லை.” இங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

காலமும் குழம்பக்கூடாது. அன்று நடந்தது இறந்த காலம், இன்றும் அப்படியே இருப்பது நிகழ்காலம். “கோபுரத்தில் 300 படிகள் இருக்கின்றன. பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.” இது சரி. நடந்த கதையையே நிகழ்காலத்தில் சொல்வதும் ஒரு நடைதான். ஆனால் ஒரு முழுப் பதிவையும் அப்படி இழுத்துக்கொண்டு போக நல்ல பயிற்சி வேண்டும். ஆரம்பத்தில் தொட வேண்டாம்.

அப்புறம் பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? இரண்டும் நடக்கும், ஆனால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கதை சொல்வது எழுத்து நடை, மனிதர்கள் பேசுவது அவரவர் பேச்சு நடை என்பது தொடக்கத்துக்கு வசதியான ஏற்பாடு. ஒரே பத்தியில் “சென்றோம்” என்று ஆரம்பித்து “வந்துட்டோம்” என்று முடிந்தால் ஆள் மாறிவிட்டது போலத் தோன்றும். உங்கள் வீட்டில் புழங்கும் வட்டாரச் சொல் தானாக வந்தால் விட்டுவிடுங்கள், மண்வாசனைக்காகத் தேடிப்பிடித்துச் செருக வேண்டாம்.

படி 6: தயார்ச் சொற்களைத் தேடுங்கள்

கண்கொள்ளாக் காட்சி, இயற்கை எழில் கொஞ்சும், மனதைக் கொள்ளை கொள்ளும், பச்சைப் போர்வை போர்த்திய, சொர்க்க பூமி. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பதிவில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிடைக்கும் இடத்தில் வேறு அழகான சொல்லைப் போட வேண்டாம். எதைப் பார்த்து அப்படி எழுதத் தோன்றியதோ, அதை எழுதுங்கள். எழுதித் தரும் செயலிகளும் இந்தச் சொற்களைத்தான் அள்ளிக் கொட்டும். எல்லோரும் எழுதியதைப் படித்துப் பழகியவை அவை. எழுத்துப்பிழை பார்க்கக் கொடுங்கள், “மெருகேற்று” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்களுடையதைத்தான் முதலில் துடைத்து எடுக்கும்.

படி 7: தகவலை எங்கே வைப்பது?

லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள மோனாலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். இதைத் தனி வரியாகப் போட்டால் பொது அறிவுக் குறிப்பு. “முன்னால் இருந்த எல்லோரும் போனைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தார்கள். படம் 77 செ.மீ. உயரம்தான். எட்டிப் பார்த்ததில், யாரோ ஒருவரின் திரையில் இருந்த மோனாலிசாதான் எனக்கு நன்றாகத் தெரிந்தாள்.” இங்கே அந்த எண் கதைக்குள் வந்துவிட்டது.

எப்படிப் போவது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், கட்டணம் என்ன என்பவற்றைக் கதைக்குள் நுழைக்க வேண்டாம். கடைசியில் ஒரு பெட்டியாகப் போட்டு, எப்போது சரிபார்த்தது என்று தேதி கொடுங்கள். மாறும்போது அதை மட்டும் திருத்தினால் போதும்.

படி 8: பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள்

எல்லா இடமும் அருமை என்று எழுதுபவரை இரண்டு பதிவுக்கு மேல் யாரும் நம்புவதில்லை. ஏமாற்றமாக இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள். என்ன எதிர்பார்த்துப் போனீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், உங்கள் ரசனையை வைத்துப் படிப்பவர் தன் முடிவை எடுத்துக்கொள்வார். அங்கே வாழ்பவர்களைக் கிண்டல் செய்து சிரிப்பு வரவழைப்பது மட்டும் வேண்டாம். கிண்டல் செய்யத் தோன்றினால், கைக்கெட்டும் தூரத்தில் நீங்களே இருக்கிறீர்கள். யாராவது இலவசமாகத் தங்கவைத்திருந்தால் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பல நாடுகளின் விளம்பர விதிகளும் அதைக் கேட்கின்றன.

படி 9: வாய்விட்டுப் படியுங்கள், ஒருநாள் விட்டு

தடுக்கும் இடமெல்லாம் திருத்த வேண்டிய இடம். எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லக் கூச்சப்படும் வரியை எழுத்திலும் விட்டுவைக்காதீர்கள். தலைப்பை இதற்குப் பிறகு எழுதுங்கள். பதிவிலேயே நல்ல தலைப்பு ஒன்று எங்காவது மூன்றாம் பத்தியில் படுத்திருக்கும்.

படி 10: சில பதிவுகள் சேர்ந்ததும்

மொத்தமாக அச்செடுத்து ஒரே மூச்சில் படியுங்கள், கையில் இரண்டு நிறப் பேனா. எல்லாப் பதிவிலும் திரும்ப வரும் கவனத்தை ஒரு நிறத்தில் கோடிடுங்கள்: எப்போதும் ஓட்டுநர்களோடு பேசுகிறீர்கள், எப்போதும் கூரையைப் பார்க்கிறீர்கள், இப்படி. அடுத்த பயணத்தில் அதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். திரும்ப வரும் சொற்பழக்கத்தை இன்னொரு நிறத்தில்: பத்திக்குப் பத்தி “உண்மையிலேயே”, வரி முடிவில் மூன்று புள்ளிகள், எல்லாப் பதிவும் சூரியன் மறைவதில் முடிவது. நடை என்று நினைத்து இவற்றைக் காப்பாற்றி வைப்பவர்கள் உண்டு. அடுத்த பதிவில் இவற்றில் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் எழுதிப் பாருங்கள்.