ஆடியோ என்கோடிங் (பாட்டுக் கோப்பை எம்பி3, ஃபிளாக் போன்ற வடிவத்துக்கு மாற்றுவது) பாதியில் கிராஷ் ஆகிறதா?
ஒரே வேவ் கோப்பை அதே செட்டிங்கில் இரண்டு மூன்று முறை என்கோட் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் லேமையோ (எம்பி3 என்கோடர்) ஃபிளாக்கையோ (தரம் குறையாமல் சுருக்கும் என்கோடர்) திட்ட வேண்டாம்; ராம், ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), சூடு என்று கணினிப் பக்கம் பாருங்கள். ஒரே கோப்புக்கு ஒரே கணக்குதான் என்பதால், மென்பொருள் பிழை பெரும்பாலும் அதே இடத்தில்தான் விழும். பிரவுசரில் தெரியாத கோளாறு, பிராசஸர் முழுவீச்சில் ஓடும்போது வெளியே வந்துவிடும். பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஓவர்கிளாக்கையும், ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியையும் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்படியும் விழுந்தால் இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 (ராமைச் சோதிக்கும் மென்பொருள்). (கிராஷ் ஆகாமலே தப்பான கோப்பு உருவாவது இன்னும் மோசம். ஃபிளாக்கில், உருவான கோப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வெரிஃபை ஆப்ஷனைப் போட்டே வையுங்கள்.)

எப்போதும் ஒரே நொடியில் நின்றால் இந்தக் குறிப்பு உதவாது. கோப்பிலோ மென்பொருளிலோதான் பழுது. பல த்ரெட்டில் (வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில்) ஓடும் என்கோடர் என்றால் மென்பொருள் பிழையும் இடம் மாறி விழலாம்; அதனால் முதலில் ஒரே த்ரெட்டுக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள்.