ஜோக்கரைக் கண்டாலே நடுக்கமா? பயத்தைப் படிப்படியாக இறக்கும் முறை

பிறந்தநாள் மண்டபத்து வாசலில் வெள்ளை பூசிய முகமும் சிவப்பு மூக்குமாக ஒருவர் பலூன் திருகிக்கொண்டு நிற்கிறார். மற்றப் பிள்ளைகள் அவரை மொய்க்க, ஒன்று மட்டும் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் கதறுகிறது. “ஒண்ணுமில்லடா, ஜோக்கர் மாமாடா, கை குடு” என்று யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார். பயத்தை ஊன்றி வளர்க்க இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

இந்தப் பயம் பெரியவர்களுக்கும் உண்டு. பிரிட்டனின் சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கோமாளிகளிடம் ஓரளவாவது பயம் உண்டு என்றார்கள். காரணங்களில் முன்னால் நின்றது, ஒப்பனைக்குப் பின்னால் இருப்பவரின் மனநிலை தெரியாமல் போவது. கோமாளியால் நேரடியாக மிரண்ட அனுபவம் கடைசியில்தான் வந்தது. எதிரே வருபவர் நட்பாக வருகிறாரா, வம்புக்கு வருகிறாரா என்பதைப் புருவத்திலும் உதட்டிலும் பார்த்துத்தான் எடைபோடுகிறோம். வரைந்த சிரிப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். அடியில் இருக்கும் நிஜ உதடு என்ன செய்கிறது என்று தெரியாது. போதாக்குறைக்கு, அடுத்து தண்ணீர் பீய்ச்சுவாரா, நம்மை மேடைக்கு இழுப்பாரா என்பதும் தெரியாது. அமெரிக்காவில் ஜான் வேய்ன் கேசி 1978-இல் கைதானபோது, அந்தத் தொடர் கொலைகாரன் விழாக்களில் கோமாளி வேடம் போட்டவன் என்ற செய்தியும் சேர்ந்து பரவியது. திகில் படங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

சின்னக் குழந்தைகளின் கதை வேறு. 1969-இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் ரீட்டா டி வ்ரீஸ், மேனார்டு என்ற சாதுவான பூனைக்கு நாய் முகமூடி மாட்டிக் குழந்தைகளுக்குக் காட்டினார். மூன்று வயதுக்காரர்களில் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்கள் ஏமாறவில்லை. ஆகவே மூன்று வயதுப் பிள்ளையிடம் “உள்ளே இருக்கிறது நம்ம மாமாதான்” என்று சொல்லிப் பயனில்லை.

முதலில் இது எந்த வகை என்று பாருங்கள்

கோமாளி பிடிக்காது என்பதற்கு மருந்து தேவையில்லை. பார்க்காமல் இருந்துவிட்டுப் போகலாம். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, பிள்ளையின் நண்பர் வீட்டு விழாவுக்குப் போகாமல் இருப்பது, மாலில் வேறு வாசலைத் தேடுவது, படத்தைப் பார்த்தாலே நெஞ்சு படபடப்பது என்று வாழ்க்கையில் கைவைத்தால்தான் அது சரிசெய்ய வேண்டிய பயம்.

ஏணி கட்டுதல்

மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப் காலத்திலிருந்து புழங்கும் 0 முதல் 100 வரையான அளவுகோல் இதற்குப் போதும். 0 என்றால் நிம்மதி, 100 என்றால் இதற்கு மேல் தாங்காது. ஒரு நோட்டில் பயம் தரும் சூழ்நிலைகளை எழுதி மதிப்பெண் போட்டு, குறைந்ததிலிருந்து கூடியதுவரை ஏணிப்படிபோல் அடுக்குங்கள். மாதிரிக்கு ஒன்று:

15 – கோமாளியின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்
25 – சிறிய வண்ணப் புகைப்படம்
35 – அதே படம், திரை நிறைய
45 – ஒலியை அணைத்த வீடியோ
50 – சிவப்பு ஸ்பாஞ்ச் மூக்கைக் கண்ணாடி முன் தானே மாட்டிக்கொள்வது
60 – ஒலியோடு வீடியோ
70 – தெரிந்தவர் ஒருவர் கண்முன்னே ஒப்பனை போடுவது
85 – நிகழ்ச்சியில் கடைசி வரிசை
95 – அருகில் போய்ப் பேசிக் கைகுலுக்குவது

உங்கள் வரிசை இப்படியே இருக்காது. சிலருக்குப் படம் ஒன்றும் செய்யாது, அந்தக் கீச்சுக்குரல்தான் ஆகாது. இரண்டு படிகளுக்கு இடையே 20-க்கு மேல் தாவினால் நடுவில் ஒன்றைச் செருகுங்கள்.

தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரே வரியில் எழுதுங்கள்: “பார்த்துக்கொண்டே இருந்தால் மயங்கி விழுந்துவிடுவேன்.” பிறகு படத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பெண்ணைக் குறியுங்கள். 50-இல் தொடங்கியது 25-க்கு இறங்கும்வரை இடத்தைவிட்டு எழக் கூடாது. பெரும்பாலும் 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். முடிந்ததும் எழுதிய வரிக்குக் கீழே உண்மையில் நடந்ததை எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் தொடக்க மதிப்பெண்ணே குறைவாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வாரத்தில் நான்கைந்து நாளாவது செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கியது போலாகிவிடும்.

ஒப்பனை போட்டுக் காட்டும் படி

இந்த ஏணியில் அதிகம் பலன் தருவது இதுதான், பயத்தின் வேரே மறைந்த முகம் என்பதால். கூத்துக்குச் சாயங்காலமே போய், அரிதாரம் பூசும் இடத்தைச் சுற்றி நின்று பார்த்த பிள்ளைகள் கட்டியங்காரனைக் கண்டு அவ்வளவாக மிரளாததும் இதனால்தான் போலும்.

தேவையானவை: தண்ணீரில் கரையும் வெள்ளை, சிவப்பு, கறுப்பு முகச்சாயம், ஸ்பாஞ்ச், மெல்லிய தூரிகை, மூக்கு, டோப்பா. சாயத்தை முந்தின நாளே போடுபவரின் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பயப்படுபவர் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்காரட்டும். நெற்றியிலும் கன்னத்திலும் வெள்ளை பூசியதும் நிறுத்தி, போடுபவர் சிரிக்க வேண்டும், முறைக்க வேண்டும், ஆச்சரியப்பட வேண்டும், “இப்போ எனக்கு என்ன கோபமா, சிரிப்பா?” என்று கேட்க வேண்டும். அடுத்துப் புருவம், திரும்பவும் அதே விளையாட்டு. வாயைச் சுற்றிய பெரிய சிவப்பு நிஜ உதட்டை மறைப்பதால் அதைத் தள்ளிப்போட்டு, மூக்குக்கும் டோப்பாவுக்கும் சற்று முன்னால் வையுங்கள். எல்லாம் போட்ட பின்பும் கண்ணையும் தாடையையும் வைத்தே மனநிலையைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பது பயப்படுபவருக்கே தெரிந்துவிடும். நடுவில் பேச்சை நிறுத்தக் கூடாது. தெரிந்த குரல் அறுபட்டால் மதிப்பெண் சட்டென்று ஏறும். முடிந்ததும் ஈரப் பஞ்சு வைத்து அங்கேயே துடைத்துக் காட்டுங்கள். குளியலறைக்குப் போய்க் கழுவிவிட்டு வந்தால் பாதிப் பலன் போய்விடும்.

எங்கே சறுக்குகிறது

பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடுவது முதல் சறுக்கல். ஓடியதும் வரும் நிம்மதி, “தப்பித்ததால்தான் பிழைத்தேன்” என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. தாங்கவே முடியவில்லை என்றால் ஓடாமல், முந்தின படிக்கு இறங்கி, அங்கே மதிப்பெண் குறைந்த பிறகு முடியுங்கள்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. படத்தின் ஓரத்தை மட்டும் பார்ப்பது, மனசுக்குள் பாட்டு ஓட்டுவது, துணைக்கு வந்தவர் கையை இறுக்கிப் பிடிப்பது. இப்படி ஒரு மாதம் செய்தாலும் படி ஏறாது. மூச்சுப் பயிற்சியையும் தொடங்கும் முன் செய்யுங்கள். நடுவில் செய்தால் அதுவும் ஒரு ஊன்றுகோலாகிவிடும். பயிற்சிக்கு முன் அமைதி மாத்திரை போட்டுக்கொள்வதும் அப்படித்தான். ஏற்கெனவே மருத்துவர் சொல்லிச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ஒரே படத்தையே பார்த்துப் பழகினால் அந்தக் கோமாளி மட்டும்தான் பழகும். நான்கைந்து வேறு வேறு முகங்கள், வேறு வேறு இடங்கள் வேண்டும். திகில் படக் காட்சிகளை வைத்துப் பழகாதீர்கள். மிரட்டுவதற்காகவே எடுத்தது மிரட்டத்தான் செய்யும்.

குழந்தைகளுக்கு

நான்கு வயதுக்குள் ஏணி வேண்டாம், தூரம் போதும். விழாவில் வேடம் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இந்தப் பிள்ளையிடம் தானாக நெருங்க வேண்டாம், மூன்று மீட்டர் தள்ளி முட்டிபோட்டு உட்காரட்டும், உற்றுப் பார்க்காமல் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருக்கட்டும். எவ்வளவு அருகில் போவது என்பதைப் பிள்ளை முடிவுசெய்யும். “பயப்படாதே” என்பதைவிட “பயமா இருக்கா, சரி, இங்கேருந்தே பார்ப்போம்” என்பது வேலை செய்யும். சோறு ஊட்ட “ஜோக்கர்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்” என்று மிரட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால் அதை அன்றே நிறுத்த வேண்டும்.

இதய நோய், வலிப்பு உள்ளவர்களும், பயம் வந்தால் மூச்சே திணறிப்போகிறவர்களும் தனியாக முயலாமல் உளவியலாளரோடு செய்யுங்கள். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1989-இல் விவரித்த முறையில், தேர்ந்த உளவியலாளர் அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் ஏணி முழுவதையும் ஏற்றிவிட முயல்வார். இந்தியாவில் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஏணியை முடித்துச் சில மாதம் கழித்துத் திடீரென்று ஒரு ஜோக்கரைப் பார்த்ததும் பழைய படபடப்பு எட்டிப்பார்க்கலாம். எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடைசியாக ஏறிய படியிலிருந்து இரண்டு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள். இந்த முறை ஏறுவதற்கு, முதல் தடவை பிடித்த அளவு நாள்கள் பிடிக்காது.