பெரிய தண்ணீர்ப் பை வாங்கும் முன்

தண்ணீர்ப் பை என்றால், உள்ளே தண்ணீர் உறையும் அதிலிருந்து உறிஞ்சிக் குடிக்கக் குழாயும் உள்ள முதுகுப் பை. மலைப்பாதையில் நாள் முழுக்க சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்குச் சின்னத் தண்ணீர்ப் பை போதாது. ஆனால் பெரியதை எடுக்கும்போது லிட்டர் கணக்கில் குழம்பிவிடாதீர்கள். பையின் மேல் 14 லிட்டர் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பையின் கொள்ளளவு, தண்ணீரின் அளவு அல்ல. தண்ணீர் உறையின் அளவு தனி. உறை 3 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 3 கிலோ. அதோடு பம்ப், மாற்று டியூப், மழைக்கோட்டு எல்லாம் சேரும்.

அதனால் காலிப் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உறையை நிரப்பி, சாமானையும் வைத்து, இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் குனிந்து தலையை நிமிர்த்துங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் பையில் இடித்தால் அந்தப் பை வேண்டாம். இறக்கத்தில் பாதையைப் பார்க்கவே முடியாமல் கழுத்து வலிக்கும். நெஞ்சுப் பட்டையை உங்களுக்கு ஏற்றபடி மேலும் கீழும் நகர்த்தி வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் கனமான கருவிகள் அடியில், முதுகை ஒட்டி இருக்கட்டும். தண்ணீர் உள்ளே குலுங்கினால் எரிச்சலாக இருக்கும். நிரப்பி மூடியதும் உறையைத் தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.